மைனருக்கு அச்சாரம்

திருவிடைமருதூர் கடைவீதியில் நெல் மண்டி வைத்திருக்கும் இராஜாங்கம் எந்தச் சரக்கையாவது நல்ல சரக்கு என்று சொல்லிக் கேட்டவர்கள் ஊரில் இல்லை. பொன்னாட்டம் விளைந்த நெல்லைக் கொண்டுவந்து கொட்டினாலும் ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடிப்பார். கல்லைக் கடித்தவர்போல முகத்தைச் சுளிப்பார். "ஈரம் போகலியே" என்பார். ஈரம் இல்லாவிட்டால் பதர். பதர் இல்லாவிட்டால் நிறம். நிறமும் சரியாக இருந்துவிட்டால், இந்த ரகத்தை இப்போது எவன் சாப்பிடுகிறான் என்று கேட்பார்.

இதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது, தொழில். ஒரு பொருள் வேண்டும் என்கிற ஆசை முகத்தில் தெரிந்த நிமிஷமே அதன் விலை ஏறிவிடும் என்பதை மீசை முளைப்பதற்கு முன்பே கல்லாவில் உட்கார்ந்து படித்தவர் அவர். அந்தப் படிப்பு கடையோடு நின்றிருந்தால் வம்பில்லை. பெண் பார்க்கப் போன வீட்டிலும் "பஜ்ஜியில உப்பு தூக்கல்" என்று சொல்லிவிட்டுத்தான் பிரகதீஸ்வரியைக் கட்டிக்கொண்டு வந்தார். வேண்டாவெறுப்பாகத் தன்னைக் கட்டிக்கொண்டார் என்று அவள் முதல் சில வருஷம் தனியே அழுதிருக்கிறாள். அப்புறம் பாஷை பிடிபட்டுவிட்டது.

அப்படிப்பட்டவரிடம்தான் மைனர் வந்து சேர்ந்தது. சந்தன நிறத்தில் ஒரு லாப்ரடார் நாய். மகள் குந்தவை தஞ்சாவூரில் படிக்கும்போது கூடையில் குட்டியாகக் கொண்டுவந்தாள். படிப்பு முடிந்து சென்னையில் வேலை கிடைத்ததும் விடுதியில் நாயைச் சேர்க்க மாட்டார்கள் என்று அப்பாவிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாள். எந்த வேலையும் பார்க்காமல் நன்றாகத் தின்றுவிட்டு ஊரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் மைனர் என்று பெயர் வைத்தவர் இராஜாங்கம்தான்.

காலையில் காரில் முன்சீட்டில் உட்கார்ந்துதான் மைனர் மண்டிக்கு வரும். கண்ணாடியைப் பாதி இறக்கி விடவேண்டும். முழுக்க இறக்கினால் தும்மல் வந்துவிடும். மண்டியில் இராஜாங்கத்தின் மேஜைக்குக் கீழே அதற்கென்று ஒரு டேபிள் ஃபேன். இராஜாங்கத்துக்கு வேர்த்து வடியும், ஃபேன் திரும்பாது. யாராவது "நாய் ஜோரா இருக்கே முதலாளி" என்று சொல்லிவிட்டால் போதும், அவர் ஆரம்பித்துவிடுவார். தண்டத்தீனி. எலி ஓடினால் எழுந்து வழிவிடும். பெற்ற மகளே வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனது. சனியன், யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம், கேட்கிறதுக்கு நாதியில்லை. அவர் திட்டத் திட்ட மேஜைக்கடியில் வால் தரையைத் தட்டும். அந்தக் குரலில் அவர் பேசினால் அடுத்து ஒரு பிஸ்கட் வரும் என்று அதற்குத் தெரியும்.

வீட்டுக்குள் நடப்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை வெந்நீர் போட்டு, கண் எரியாத ஷாம்பு தேய்த்து, பூத்துவாலையால் ஒற்றி, பிரகதீஸ்வரியின் ஹேர் டிரையரால் வயிற்று முடிவரை உலர்த்துவார். காதுக்குள் பஞ்சு விட்டுத் துடைப்பார். கால்விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பார்ப்பார். உப்பில்லாமல் வேகவைத்த கோழியைச் சோற்றில் பிசைந்து உருண்டை பிடித்து ஊட்டுவார். தட்டில் வைத்தால் மைனர் சாப்பிடாது, பழக்கிவிட்டதும் அவர்தான். தடுப்பூசி போட்ட அன்றைக்கு அவரும் சாப்பிட மாட்டார். தீபாவளிக்கு வெடிச்சத்தம் கேட்டால் அது நடுங்கும் என்று ஏசி அறையில் அதன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "வாடா கண்ணு, வாடா ராஜா" என்று கொஞ்சுகிற அந்தக் குரலை மண்டியில் எவனும் கேட்டதில்லை. பிரகதீஸ்வரியே தன்னிடம் அவர் அப்படிப் பேசிக் கேட்டதில்லை.

குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்த சமயம். அணைக்கரைப் பக்கத்திலிருந்து தங்கையன் நெல் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மழை மிரட்டிக்கொண்டிருந்ததால் கொள்முதல் நிலையத்தில் காத்துக்கிடக்கப் பயந்து நேரே மண்டிக்குக் கொண்டுவந்துவிட்டார். வெகுகாலமாக வருகிற ஆள், சாது. போன தை மாதம் இராஜாங்கத்திடம் அச்சாரம் வாங்கிய மறுநாளே விலை ஏறிவிட்டது என்று இதே இடத்தில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அச்சாரம் கைமாறிவிட்டால் அப்புறம் பேச்சு ஏது என்று இராஜாங்கம் கேட்டார். தங்கையனும் அதுவும் சரிதான் என்று போய்விட்டார்.

இப்போது இராஜாங்கம் நெல்லைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். பேரம் நடுவில் நின்றது. மூட்டை தூக்குகிறவர்கள் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தங்கையன் மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தார். அவர் ஊரில் பம்புசெட்டுகளில் காப்பர் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விடுகிறார்களாம். மகன் சிங்கப்பூர் போனதிலிருந்து வீட்டில் அவரும் சம்சாரமும் மட்டும். ஒரு நாய் இருந்தால் தேவலை என்று பார்க்கிறாராம்.

"யாராவது கேட்டா குடுத்துடுவேன்னு சொல்வீங்களே முதலாளி. நான் கேக்கலாமா?"

மாட்டேன் என்றுதான் இராஜாங்கத்தின் மனம் சொன்னது. ஆனால் வாய் பேரத்தில் இருந்தது. பேரத்தின் நடுவில் குரலை மாற்றினால் நெல் விலையும் கூடவே மாறிவிடும்.

"தாராளமாத் தூக்கிட்டுப் போங்க. புண்ணியமாப் போகும்" என்றார்.

இப்படி அவர் சொல்வதும் கேட்டவர் சிரிப்பதும் வழக்கம். தங்கையன் சிரிக்கவில்லை. உயிருள்ளதைச் சும்மா வாங்கினால் வீட்டில் தங்காது என்று சொல்லி இடுப்பு மடிப்பை அவிழ்த்து ஒரு ஒற்றை ரூபாயை எடுத்து நீட்டினார்.

ஒரு காசு எதிரே நீண்டால் இராஜாங்கத்தின் கை அவரைக் கேட்காது. நீண்டது, வாங்கியது, கண்ணில் ஒற்றியது, கல்லாவில் போட்டது. சில்லறையோடு சில்லறையாக அது கலந்த சத்தம் கேட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது.

"வியாபாரம் முடிஞ்சுபோச்சு" என்றான் படியில் இருந்தவர்களில் ஒருவன். "முதலாளி, இந்தச் சரக்குல பதர் எவ்வளவுன்னு சொல்லவே இல்லியே" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். இராஜாங்கமும் சிரித்தார். தை மாதம் தங்கையனிடம் அவர் சொன்ன வார்த்தையை அவர்கள் அத்தனை பேரும் இதே படியில் உட்கார்ந்து கேட்டவர்கள். சொன்ன சொல்லை ஒரு நாய்க்காகத் திருப்பி வாங்கினார் என்று ஆகிவிட்டால், நாளைக்கு எந்த விவசாயி அவர் அச்சாரத்தை மதிப்பான்?

மூட்டைகளை இறக்கியானதும் தங்கையன் நெல் ஏற்றி வந்த குட்டியானை வண்டியின் கதவைத் திறந்தார். வண்டி என்றால் மைனருக்கு உயிர். தாவி ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, இராஜாங்கமும் ஏறுவார் என்று பார்த்தது. வண்டி கிளம்பி மூலை திரும்புகிறவரை கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனது. மேஜைக்குக் கீழே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அணைக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டில் பிரகதீஸ்வரி சத்தம் போடவில்லை. ஊட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த கோழியை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தாள். பால்காரரிடம் நாளையிலிருந்து அரை லிட்டர் குறைத்துக்கொள்ளச் சொன்னாள். அவள் சத்தம் போட்டிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. குந்தவை ஃபோனில் மைனரைக் காட்டச் சொன்னபோது தூங்குகிறது என்றார். அடுத்த தடவையும் தூங்குகிறது என்றார்.

அவருக்குத் தெரிந்த வழி ஒன்று இருந்தது. சரக்கில் குறை இருந்தால் வாங்கினவன் திருப்புவான். திருப்பினால் வாங்கிக்கொள்ளலாம், மரியாதையும் போகாது. தங்கையனுக்கு ஃபோன் போட்டு, நெல் நாற்றங்கால் எல்லாம் விசாரித்துவிட்டு, போகிறபோக்கில் கேட்பதுபோல மைனரின் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். குரைக்காது. திருடன் வந்தால் கையை நக்கும். தட்டில் வைத்தால் தின்னாது. இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போய்விடும். உங்களுக்குத் தோதுப்படாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

தங்கையன் நெகிழ்ந்துபோனார். "விக்கிறவங்க குறையை மறைப்பாங்க. நீங்க ஃபோன் போட்டுச் சொல்றீங்க. அந்த மனசு யாருக்கு முதலாளி வரும்? ஒண்ணும் தொந்தரவில்லை, நாங்க வச்சிக்கிறோம்" என்றார்.

ஃபோனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துப் பிரகதீஸ்வரி சொன்னாள். "நேரே போங்க. எனக்கு அது வேணும்னு சொல்லுங்க. பொறந்ததுலேருந்து ஒரு தடவையாவது வேணுங்கிறதை வேணும்னு கேட்டுப் பாருங்க."

வெறுங்கையோடு போக வெட்கமாக இருந்தது. டேபிள் ஃபேனைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினார். நாயைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போகிறோம், ஃபேன் எதற்கு என்று யோசிக்கவில்லை. அவருக்குள்ளிருந்த வியாபாரி இரண்டு பக்கத்துக்கும் தயாராகத்தான் எப்போதும் கிளம்புவான்.

வாய்க்கால் ஓரத்து வீடு. மைனருக்குக் காரின் சத்தம் வரப்பிலேயே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. சேற்றைத் தெறிக்கவிட்டுக்கொண்டு ஓடி வந்தது. மார்பில் ஏறியது, மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது, முனகியது, சுற்றிச் சுற்றி வந்தது. வயிறுவரை சேறு. காதோரம் ஒரு உண்ணி. அவர் கண்ணுக்கு அது சட்டென்று தெரிந்தது. இடுப்பு கொஞ்சம் வற்றியிருந்தது. அதுவே நல்லது என்று மருத்துவர் எத்தனையோ தடவை சொன்னதுதான். அவர் வெள்ளை வேட்டியைத் தட்டிக்கொண்டு, "த, சனியனே" என்றார். அது இன்னும் குஷியாக வாலை ஆட்டியது.

தங்கையனின் மனைவி தர்மாம்பாள் மோர் கொண்டுவந்தாள். மைனர் இங்கே பழைய சோறும் கருவாடும் தின்கிறதாம். தட்டில் வைத்தால் தின்னாததால் அவளும் உருண்டை பிடித்து ஊட்டித்தான் பழக்கியிருக்கிறாளாம். மகனுக்குச் செய்தது, கை மறக்கவில்லை என்றாள். அது எங்கே படுக்கும், எதற்குப் பயப்படும், எந்தக் கொக்கைத் துரத்தி எந்தச் சேற்றில் விழுந்தது என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். தங்கையன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மோரைக் குடித்து முடித்துவிட்டு இராஜாங்கம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தங்கையன், எனக்கு அது வேணுங்க. நான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டார். அவருடைய வாயிலிருந்து வந்த வார்த்தைதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. தங்கையன் அவரைப் பார்த்துச் சிரித்தார். எங்களுக்குப் பாரமாக இருக்கும் என்று நினைத்து முதலாளி அப்படிச் சொல்கிறார் என்று மனைவியிடம் விளக்கினார். இல்லை, நிஜமாகவே வேண்டும் என்றார் இராஜாங்கம். முதலாளி வேண்டாம் என்றால் வேண்டும் என்று அர்த்தம், வேண்டும் என்றால் வேண்டாம் என்று அர்த்தம், அது எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும் என்றார் தங்கையன். உங்கள் நெல் நன்றாக இருக்கிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டீர்களானால் பயந்துபோய் வண்டியைத் திருப்பிவிடுவோம் என்றார். தர்மாம்பாளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இன்னொரு தடவை சொல்ல இராஜாங்கம் வாயைத் திறந்தார். எப்படிச் சொன்னால் நம்புவார்கள் என்று தெரியவில்லை. நம்பும்படி ஒரு சொல் அவரிடம் கையிருப்பில் இல்லை.

எழுந்து காருக்கு வந்தார். கதவைத் திறந்ததுதான் தாமதம், மைனர் அவருக்கு முன்னால் பாய்ந்து முன்சீட்டில் ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்து, பாதி இறக்க வேண்டிய கண்ணாடியைப் பார்த்தது.

தங்கையன் கூப்பிட்டார், வரவில்லை. தர்மாம்பாள் கருவாட்டைக் காட்டினாள், தலையைத் திருப்பிக்கொண்டது. கயிற்றைப் போட்டு இழுக்கலாம் என்றார் தங்கையன். கழுத்து அறுபடும், வேண்டாம் என்றாள் தர்மாம்பாள். நீங்கள் சொன்னால் இறங்கும் முதலாளி என்றார்கள் இருவரும்.

"இறங்கு சனியனே, தண்டத்தீனி" என்றார் இராஜாங்கம். வால் சீட்டைத் தட்டியது. இன்னும் உரக்கத் திட்டினார். இன்னும் வேகமாகத் தட்டியது. அது அவர் முகத்தை நக்கப் பார்த்தது.

இறங்கி வரவைக்க அவருக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு சேற்றில் குந்தினார். வேட்டி நனைந்தது.

"வாடா கண்ணு" என்றார். "வாடா ராஜா. அப்பாகிட்ட வாடா."

மைனர் உடனே இறங்கி வந்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. காதோரத்து உண்ணியை அவர் நகத்தால் மெதுவாக எடுத்துப் போட்டார். அதன் கழுத்தை விட்டபோது தர்மாம்பாளின் கை அங்கே வந்திருந்தது. அவள் அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வீட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தது.

தங்கையன் சிரிக்கவில்லை. அந்தக் குரலை அவர் கேட்டுவிட்டார். வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்குள்ளிருந்து தர்மாம்பாள் மைனரிடம் ஏதோ பேசிக்கொண்டிருக்கும் சத்தம் வந்தது.

"மவன் போனதுலேருந்து இவ பேசவே மறந்திருந்தா முதலாளி" என்றார், இராஜாங்கத்தின் முகத்தைப் பார்க்காமல்.

இராஜாங்கம் காரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். பின்கதவைத் திறந்து ஃபேனை எடுத்து வெளியே வைத்தார். "பழசு. குப்பையில போட வச்சிருந்தது. இங்க கிடக்கட்டும்" என்றார்.

சும்மா எப்படி வாங்கிக்கொள்வது என்று தங்கையன் முணுமுணுத்தார். தலையைத் தூக்காமலே இடுப்பு மடிப்பை அவிழ்த்து ஒரு ஒற்றை ரூபாயை எடுத்து நீட்டினார்.

இராஜாங்கம் தன் கையைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். அது போய் அந்தக் காசை வாங்கிக்கொண்டது.