மேயர் கேட்ட வாய்தா

என் பிரசவ வலிக்கு முதல் வாய்தாவை என் கணவர் தீனதயாளன் வக்கீலாக இருந்தபோது வாங்கினார். கடைசி வாய்தாவைக் கேட்டபோது அவர் மேயர். நடுவில் ஓடிய காலமெல்லாம் குழந்தை என் வயிற்றிலேயே இருந்தது.

அவர் ஒரு வழக்கையும் வாதாடி ஜெயித்ததில்லை. வாய்தா வாங்குவதில்தான் கெட்டிக்காரர். வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போடப்பட்ட வாடகைக்காரர்கள், அவர் புண்ணியத்தில் அதே வீட்டில் பேரன் பேத்தி எடுத்தார்கள். எனக்கு முதல் வலி வந்த காலையில் அவருக்குக் கோர்ட்டில் வேலை இருந்தது. கறுப்புக் கோட்டோடு கட்டிலருகே வந்து லேசாகக் குனிந்து, "எங்க தரப்பு இன்னும் தயாராகலை. ஒரு வாய்தா வேணும்" என்றார். வலி என்னை ஒரு பார்வை பார்த்தது. நான் பேசாமல் இருந்தேன். அது வாசலில் விட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டது.

அந்த ஐப்பசியில் புயல் வந்தது. அதே கோட்டோடு கடற்கரைக்குப் போய் அதே வார்த்தையைச் சொன்னார். புயலும் திரும்பிப் போனது. இப்படிப்பட்டவரை விட்டுவிட்டு ஊர் வேறு யாரை மேயராக்கும்? பதவிக்கு வந்தபின் பாலம் இடிவதற்கு வாய்தா, சாக்கடை பொங்குவதற்கு வாய்தா, கொசு முட்டையிடுவதற்குக்கூட வாய்தா. ஊர் நிம்மதியாகத் தூங்கியது. எனக்குத்தான் புரண்டு படுக்க முடியவில்லை. வலி வரும்போதெல்லாம் அவருக்கு ஏதாவது திறப்பு விழா இருந்தது. எனக்கோ என் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆசை என்றால் போதாது, வெறி.

ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்த கவுன்சிலரிடம் அவர் பெருமையடித்துக்கொண்டிருந்தார். "வாய்தாவுல என்னய்யா வித்தை இருக்கு? எதிர்த்தரப்பு வாயைத் திறக்காத வரைக்கும் கிடைச்சுக்கிட்டே இருக்கும்."

உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது. இத்தனை காலமும் எதிர்த்தரப்பு நான்தானாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த வலி மாமன்றக் கூட்டத்தன்று வந்தது. அவர் மேயர் அங்கியும் சங்கிலியுமாக வந்து குனிந்தார். "எங்க தரப்பு இன்னும்..."

"எனக்கு ஆட்சேபணை இருக்கு" என்றேன்.

அதற்குள் வாசல்வரை போயிருந்த வலி திரும்பி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தது.

"என்ன பரிமளா இது? கூட்டத்துல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"இதுவும்தான் காத்துக்கிட்டு இருந்துச்சு. நீங்க போயிட்டு வாங்க."

போனார். மதியத்துக்குள் ஆஸ்பத்திரியில் என் மகள் பிறந்தாள். அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதேன். டாக்டர் பிலோமினா கையைத் துடைத்துக்கொண்டே, "ஒரே ஒரு வலியோட முடிஞ்சிடுச்சும்மா. மத்ததெல்லாம் எங்க?" என்றார்.

மற்றவையெல்லாம் வாய்தா வாங்கியவரிடம் ஆஜராகப் போயிருந்தன. குடிநீர்க் குழாய்த் தீர்மானம் வாசிக்கும்போது மாமன்றத்துக்குள் வரிசையாக நுழைந்தனவாம். அவர் ஒவ்வொன்றிடமும் குனிந்து வாய்தா கேட்டிருக்கிறார். ஆனால் அங்கே எதிர்க்கட்சி வரிசை இருந்தது. மேயர் எதைக் கேட்டாலும் ஆட்சேபிப்பதுதான் அவர்களுக்கு வழக்கம். ஒன்று விடாமல் ஆட்சேபித்தார்கள்.

சாயங்காலம் அவருக்கு ஒரு பையன் பிறந்தான். ஆளுங்கட்சியினர் மேசையைத் தட்டி வரவேற்றார்கள்.

அவரை என் பக்கத்துக் கட்டிலில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். பையன் பசியில் வீல் வீலென்று கத்தினான். "கொஞ்சம் இவனையும் பாரேன்" என்று என்னிடம் நீட்டினார்.

"எனக்குக் கை ஒழியலைங்க. உங்க பிள்ளையை நீங்கதான் பார்க்கணும்."

அவர் சங்கிலியைக் கழற்றித் தலையணைக்கடியில் வைத்தார். அங்கியின் பொத்தான்களை அவிழ்த்துவிட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்து, பையனை மடியில் போட்டுக்கொண்டார்.

அவருக்குப் பால் நன்றாகவே சுரக்கிறது.