வெறுங்கைப் பந்து

ஊரெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவும் நேரத்தில் ரொட்டிக்காரர் படுக்கையை விரிப்பார். ராத்திரி முழுக்க மாவு பிசைந்து, அடுப்பு முன்னால் நின்று ரொட்டி சுட்டு, விடிந்ததும் கடை கடையாக இறக்கிவிட்டு வருகிற மனிதருக்குப் பகல்தான் இரவு. படுக்கையறை ஜன்னலில் கறுப்புத் துணி ஒன்றை நான்கு மூலையிலும் ஆணி வைத்து அடித்திருந்தார். நூல் அளவு வெளிச்சம் வந்தாலும் தூக்கம் போய்விடும் அவருக்கு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு காலி மனை. தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கேதான் கூடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமென்றால் ஆணியைப் பிடுங்க வேண்டும்.

கொஞ்ச நாளாக அவருக்கு ஒரு புதுத் தொல்லை. கண் சொக்கி வரும் நேரம் பார்த்து, "தொம்... தொம்... தொம்..." என்று ஒரு சத்தம் சுவர் வழியாகத் தலையணைக்கே வந்துவிடும். சற்று நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும். பந்தைச் சுவரில் அடிக்கிறார்கள் என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டார். சாயங்காலம் எழுந்து மகள் போட்டுக் கொடுத்த டீயைக் குடிக்கும்போது வெளியே உண்மையாகவே பந்து துள்ளும் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்கும். அப்புறம் சந்தேகம் எங்கிருந்து வரும்? பள்ளிக்கூட நேரத்திலும் மழை கொட்டிய நாளிலும் அந்தத் தொம் தொம் கேட்டதே, அப்போது எந்தப் பிள்ளை பந்து அடிக்கும் என்று ஒரு தடவை யோசித்திருக்கலாம். தூக்கம் கெட்டவனுக்கு யோசனை ஏது?

அந்தச் சமயத்தில்தான் நகராட்சி அந்தக் காலி மனையைப் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடலாக ஆக்கித் தரத் தயார் என்று சொல்லி அனுப்பியது. கூடைப்பந்துக் கம்பம், சுற்றிலும் வலை, சின்னவர்களுக்கு ஊஞ்சல், உட்கார நாலு பெஞ்சு. தெருக்காரர்கள் ஒப்புக்கொண்டால் போதும். நல்ல காரியம் தானாகத் தேடி வந்தால் நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? தெரு இரண்டாகப் பிரிந்துவிட்டது. பிள்ளைகள் எங்கேதான் ஓடி ஆடுவார்கள் என்று பாதிப் பேர் கேட்டார்கள். கார் நிறுத்த இடமில்லாமல் நாங்கள் படும் பாடு தெரியுமா என்று மீதிப் பேர் கேட்டார்கள். ஒருவர் ஊஞ்சல் கிறீச்சிடும் என்றார். இன்னொருவர் வேற்றுத் தெருப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள் என்றார், ஏதோ வெள்ளம் வரப்போவது போல.

கார் கட்சியில் முக்கியமானவர் லாண்டரிக்காரர். ரொட்டிக்காரர் வீட்டுக்கு நேர் கீழே, தரைத் தளத்தில் அவருடைய கடை. தொழில் பெருகி, விடுதிகளின் போர்வையும் விரிப்பும் வேன் வேனாக வர ஆரம்பித்திருந்தது. வேனை நிறுத்த இடம் வேண்டும். அதை வெளியே சொன்னால் சுயநலம் என்பார்கள். ஆகையால் ஒரு நாள் காலையில் ரொட்டிக்காரரைப் படிக்கட்டில் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, கண்ணாடியில முகத்தைப் பாத்தீங்களா? கண்ணு ரெண்டும் சிவந்து கிடக்கு. திடல் இல்லாதப்பவே இந்தப் பாடு. கம்பமும் நட்டுட்டா அப்புறம் நீங்க எப்பத் தூங்குவீங்க?"

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பது இதுதான். நம் கஷ்டத்தையும் கேட்க ஓர் ஆள் இருக்கிறாரே என்று ரொட்டிக்காரர் குளிர்ந்துபோனார். கூட்டத்துக்கு வந்து பேசுவதாக ஒப்புக்கொண்டார்.

தெருச் சங்கத்தின் அறையில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் பலர் சுவரோரம் நின்றார்கள். தலைவர் மேசையைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனார். ஆளாளுக்குக் கத்திய பிறகு ரொட்டிக்காரர் எழுந்தார். அவர் கத்தவில்லை. அதுதான் வினை.

"பிள்ளைங்க மேல எனக்குக் கோபம் இல்லைங்க. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு. ஆனா நான் ராத்திரி பூரா நெருப்பு முன்னாடி நிக்கிறவன். தூங்காமப் போய் நின்னா ஒரு நாள் ரொட்டிக்குப் பதிலா என் கைதான் அடுப்புக்குள்ள போகும். பந்துச் சத்தத்தில என்னால கண்ணை மூட முடியலை."

திடல் வேண்டும் என்று மல்லுக்கு நின்றவர்கள் கூடத் தரையைப் பார்த்தார்கள். உழைக்கிற மனிதன் தூக்கத்தைக் கேட்டால் யார் என்ன பதில் சொல்வது? அந்த நேரத்தில் வாசலில் சலசலப்பு. பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முன்னால் நின்றவள் அவர் மகள். கூட்டாளிகள் அவளைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது பன்னிரண்டு, வாய் இருபது என்று அவள் அம்மா கேலி செய்வாள். ஏதோ சொல்ல வேண்டும் என்று கையைத் தூக்கினாள்.

"பெரியவங்க பேசிட்டு இருக்கோம்மா. அப்புறம் வாங்க" என்று தலைவர் கதவைச் சாத்தச் சொன்னார். மகள் அப்பாவைப் பார்த்தாள். எல்லார் முன்னாலும் தன் பேச்சுக்கே குறுக்கே நிற்கிறாளே என்று எரிச்சலில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓட்டுக்குக் கையைத் தூக்கச் சொன்னார்கள். கார் கட்சி ஜெயித்தது.

மறு மாதமே மனையில் சிமெண்டுத் தளம் போட்டு, மஞ்சள் கோடு கிழித்து, வாசலில் சங்கிலி மாட்டினார்கள். பிள்ளைகள் இரண்டு நாள் சங்கிலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒருவரும் வரவில்லை.

ரொட்டிக்காரர் அன்று மதியம் நிம்மதியாகப் படுத்தார். கண் சொக்கியது. "தொம்... தொம்... தொம்..."

துள்ளி எழுந்தார். இவ்வளவு சொல்லியும் இந்தப் பிள்ளைகளுக்கு அடங்கவில்லையே என்று வந்த கோபத்தில் சட்டைகூடப் போடாமல் படியிறங்கி ஓடினார். அந்த வீட்டுக்குக் குடிவந்து இத்தனை வருஷத்தில் அந்த நேரத்தில் அவர் அந்த மனைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அங்கே ஈ காக்கை இல்லை. நாலு வேன் வெயிலில் காய்ந்துகொண்டு நின்றது. சத்தம் மட்டும் அவருக்குப் பின்னாலிருந்து வந்தது. சுவரில் கை வைத்துப் பார்த்தார். சுவர் அதிர்ந்தது.

லாண்டரியின் பின்னறையில் பீரோ அளவுக்கு ஒரு மெஷின் நின்றது. ஒரு வண்டிப் போர்வையை வயிற்றில் போட்டுக்கொண்டு, பிழிந்து சுற்றும் வேகத்தில் தரையில் எழும்பி எழும்பி உட்கார்ந்தது. லாண்டரிக்காரர் பக்கத்தில் நின்று விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சத்தம்தான்யா" என்றார் ரொட்டிக்காரர். "இதுதான்யா என்னைத் தூங்க விடாம அடிச்சது."

லாண்டரிக்காரர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சுண்ணே. ஆனா நீங்க மெஷின்னு சொல்லலையே. பந்துன்னுதானே சொன்னீங்க."

அவரை என்ன திட்டுவது? மறுநாளே மெஷினுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் இரண்டை வாங்கிப் போட்டார் லாண்டரிக்காரர். சத்தம் முக்கால்வாசி அடங்கிவிட்டது. கேட்டிருந்தால் முன்பே போட்டிருப்பாராம். ஒரு ரப்பர் பாயில் முடிந்திருக்க வேண்டிய விவகாரம் அது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சின்ன வயதில் நாம் எல்லாரும்தான் படித்தோம்.

ரொட்டிக்காரரின் மனைவி மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். அவளுக்கு லீவு வந்த நாளில் விஷயத்தைச் சொன்னார். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பிள்ளைங்க நீங்க தூங்குறப்போ பந்தைத் தொட்டதே இல்லைங்க. உங்க பொண்ணு தொட விட்டதே இல்லை. ஒரு நாள் நானே படியில நின்னு பாத்து மிரண்டு போயிட்டேன். கையில பந்து இல்லை. ஆனா எறியுறாங்க, தாவிப் பிடிக்கிறாங்க. ஒருத்தன் தவற விட்டுட்டுத் தலையில கை வச்சுக்கிறான். பாயிண்ட் எடுத்தா கைதட்ட மாட்டாங்க. வாயைப் பொத்திக்கிட்டுக் குதிக்கிறாங்க. கேட்டா, வெறுங்கைப் பந்தாம். அப்பா எழுந்திரிச்சு டீ குடிச்சப்புறம்தான் நிஜப் பந்தாம்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். கூட்டத்தன்னைக்கு நான் கடையில இருந்தேன், நீங்க பந்துன்னு பேசினது எனக்குத் தெரியாது. அதோட நீங்க என்னைக்கு முழிச்சிருந்தீங்க, உக்காந்து பேச?"

அன்று சாயங்காலம் மகள் வழக்கம்போல டீயைக் கொண்டுவந்து வைத்தாள். இப்போதெல்லாம் டீயை வைத்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அந்த வாய் இருபது எங்கே போனதென்று தெரியவில்லை. ரொட்டிக்காரர் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, மெஷின் கதையைச் சொன்னார். அவளுக்குக் கோபம் வரும், கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் தனக்கும் கொஞ்சம் பாரம் குறையும் என்று உள்ளூர ஆசைப்பட்டார்.

"அப்போ நாங்க இல்லையாப்பா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எங்க காலடிச் சத்தம்தான் உங்களை எழுப்புதுன்னு நினைச்சேன். எல்லாரையும் செருப்பைக் கழட்டச் சொன்னேன். அப்பவும் நீங்க தூங்கலைன்னு சொன்னதும், குட்டிப் பசங்களாலதான் எல்லாம் கெட்டுச்சுன்னு அவங்களைப் போட்டுத் திட்டினேன். அதுல ஒருத்தன் அழுதுட்டான்பா. அன்னைக்குக் கூட்டத்துக்கு வந்தது கூட, இன்னும் சத்தம் குறைக்கிறோம்னு சொல்லத்தான்."

ரொட்டிக்காரர் டீயைக் குடிக்கவில்லை. நெருப்பில் எத்தனையோ தடவை சுட்டுக்கொண்ட கை அவருடையது. அப்போதெல்லாம் வலித்தது வேறு, இப்போது வலித்தது வேறு. மன்னிச்சுக்கம்மா என்றார். பரவாயில்லைப்பா என்றாள். அந்தப் பரவாயில்லையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் தூக்கத்தை விட்டுவிட்டுத் தலைவர் வீட்டுக்குப் போனார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். தலைவர் நல்லவர்தான், கையை விரித்தார். நகராட்சி அந்தக் கம்பத்தையும் வலையையும் வேறொரு பேட்டைக்குக் கொடுத்துவிட்டது. போட்ட தளத்தைப் பெயர்க்கக் கார்க்காரர்கள் சம்மதிக்க மாட்டார்கள். ஆத்திரத்தில் அறுத்த மூக்கு சிரித்தால் வந்து ஒட்டுமா? ரொட்டிக்காரர் விடவில்லை. நகராட்சிக்கு நடந்தார், தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கித் தன் தப்பைத் தானே சொன்னார். சிலர் மெச்சினார்கள், சிலர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அந்த வருஷம் போனது, அடுத்ததும் போனது. கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு இடம் தருவதாக நகராட்சி இறங்கி வந்தது.

மறுபடி சங்கத்து அறையில் கூட்டம். இந்தத் தடவை பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்துத்தான் பேச வேண்டும் என்று ரொட்டிக்காரர் பிடிவாதமாக நின்றார். முன் வரிசையில் அவர்களுக்கென்று நாற்காலி போட்டு, வீடு வீடாகச் சொல்லியும் அனுப்பினார்கள். நேரம் ஆனது. மகள் ஒருத்திதான் வந்தாள். ஆள் உயரமாகியிருந்தாள், ரொட்டிக்காரர் அளவுக்கு.

தலைவர் கனிவாகக் கேட்டார். "சொல்லும்மா, உங்களுக்கு என்னவெல்லாம் வேணும்?"

அவள் எழுந்து நின்றாள். குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. அதனாலேயே எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"எனக்கு இப்ப எதுவும் வேணாம் அங்கிள். எங்க டீமே இல்லை. ரெண்டு பேரு வீடு மாத்திப் போயிட்டாங்க. மத்தவங்க வீட்டுக்குள்ளயே இருந்து பழகிட்டாங்க. வழியில பாத்தா சிரிச்சுக்கிறோம், அவ்வளவுதான். பந்து கொடுத்தாலும் எங்களுக்கு இப்ப ஒண்ணா விளையாட வராது. சின்னப் பசங்களுக்குக் கட்டுங்க. சீக்கிரம் கட்டுங்க."

லாண்டரிக்காரர் குனிந்தபடி இருந்தார். ரொட்டிக்காரர்தான் எழுந்தார். பேச வேண்டியதை வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தார், அதில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"இடம் போனா இன்னொரு இடம் வாங்கிடலாம்ங்க. விளையாடுற வயசு போனா யாராலயும் வாங்கித் தர முடியாது. பிள்ளைங்க விஷயத்தை முடிவு பண்றதுக்கு முன்னாடி பிள்ளைங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கணும். நான் கேக்கலை. என் பொண்ணு அன்னைக்கு என் எதிர்லயே கையைத் தூக்கிக்கிட்டு நின்னா, நான் கேக்கலை."