சதகா அரிசி

ஹோலில் அடுக்கியிருந்த நெல்மூட்டைகளுக்கு இடையால் உடம்பை ஒருக்களித்துக்கொண்டுதான் முனவ்வறா குசினிக்குப் போய்வந்தாள். கதிரைகளெல்லாம் முற்றத்து மாமரத்தடிக்குப் போய்விட்டன. நோன்பும் வேளாண்மை வெட்டும் ஒன்றாய் வந்து மாட்டிக்கொண்ட வருஷம் இது. நெல் எந்த வீட்டில்தான் இல்லை? ஆனால் மற்ற வீட்டு மூட்டைகள் ஆலை லொறி வந்தால் போய்விடும். இவள் வீட்டு மூட்டைகள் போகமாட்டா. இது சிவப்பு நெல். சம்மாந்துறை ஆலைக்காரர்கள் இந்த முறை வெள்ளை நெல்லைத் தவிர வேறொன்றையும் தொடமாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள்.

பிறகேன் சிவப்பை விதைத்தார்கள் என்று கேட்டால், அதைப் பள்ளிவாசலிடம்தான் கேட்க வேண்டும். பள்ளி நிர்வாகத்தில் இருக்கிற காலிதீன் மரைக்கார் விதைப்புக் காலத்துக்கு முந்திய ஒரு ஜும்ஆ முடிந்த கையோடு ஒலிவாங்கியைப் பிடித்தார். "நம்மட மண்ணுல வெளையிறதத்தான் நாம தின்னணும். வார நோன்புக்கு பள்ளிக் கஞ்சியில ஒரு மணி வெளியரிசி விழாது. நம்மட வயல் செவப்புப் பச்சையரிசிதான்!" ஊரே மாஷா அல்லாஹ் என்றது. பெண்கள் கூட்டத்திலும் அதையே எடுத்துப் பேசினார்கள். முனவ்வறாவின் சிநேகிதி பஸ்மிலா எழும்பி நின்று கண் கலங்கப் பேசினாள். அடுத்த நாள் மரைக்கார் வீட்டுக்கே வந்து, "நீங்க வெதைங்க, பள்ளி எடுக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லிப் போனார். வாய் இனிக்கக் கதைக்க ஊரில் ஆருக்குத்தான் தெரியாது? ஆனால் மரைக்கார் அப்படிப்பட்ட ஆள் இல்லை. சொன்னதைச் செய்கிற மனிசன். அதுதான் வினையாய்ப் போனது.

அந்த வயல் முனவ்வறாவுக்குச் சீதனமாய் வந்தது. உறுதிப் பத்திரம் அவள் பெயரில். சம்மாந்துறை ரோட்டோரம். ஒரு பக்கத்து வயலை நிரப்பி டயர்க்கடை வந்தது, மறுபக்கத்தை நிரப்பிக் கலியாண மண்டபம் வந்தது. வாய்க்கால் அடைபட்டு, மாரிக்கு வருகிற தண்ணீர் போக வழியில்லாமல் இவளுடைய பயிரின் இடுப்புவரை நின்றது. கட்டிடக் கொந்தராத்து எடுக்கிற றஸாக் இதையும் நிரப்பித் துண்டு துண்டாய் விற்கத் தரச் சொல்லி ஒரு வருஷமாக ஃபோன் எடுத்துக்கொண்டிருக்கிறான். புருஷன் மீராமுகைதீன் ஒரு நாளும் அவளை நெருக்கவில்லை. "உன்ட வாப்பா தந்த பூமி. உன்ட வாயால வந்தாத்தான்" என்று விட்டுவிட்டான். முழங்கால் வீங்கிப்போய்த்தான் ஒவ்வொரு நாளும் வயலிலிருந்து வருவான், ஆனாலும் சொன்னதில்லை. அவள்தான் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "இந்தப் போகம் பாப்பம் மச்சான். பள்ளி எடுத்தா நம்மட வயல் நிக்கும். எடுக்காட்டி நானே குடுக்கச் சொல்றன்."

நோன்புக்கு நாலு நாள் இருக்கையில், பின்னேரம் அஸர் தொழுது முடித்து மரைக்கார் வந்தார். உள்ளே வரவில்லை. கதவடியில் நின்று மூட்டைகளைப் பார்த்தார், பிறகு மாமரத்தடிக் கதிரையில் இருந்தார்.

"மாப்புள இல்லியா புள்ள?"

"வயலுக்குப் போனவரு காக்கா. மொத தவணைக்கெண்டு குத்தின அரிசி ரெடியா இரிக்கி. எப்ப எடுக்கிறீங்க?"

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கட்டார்ல இரிக்கிற நம்மட ஊர்ப் புள்ளைகள் சேந்து அரிசி அனுப்பிரிக்காங்க புள்ள. வெளிநாட்டு அரிசி, கொழும்புல எடுத்து லொறியில வந்து எறங்கிட்டு. நோன்பு முழுக்கக் கஞ்சிக்கும் காணும், இல்லாத வீடுகளுக்குக் குடுக்கவும் காணும்."

"அப்ப எங்கட அரிசி?"

"சதகாவா வந்தத வேணாண்டு சொல்ல ஏலுமா? அத வெச்சிக்கிட்டு பள்ளிக் காசுல வேற அரிசி வாங்கினா நாளைக்கு மறுமையில என்னப் புடிப்பாங்க. நீயே சொல்லு."

என்னத்தைச் சொல்வாள்? தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். அந்தப் பொடியன்மார் வெயிலில் வெந்து உழைத்த காசு. ஊரின் பசி ஆறட்டும் என்று நிய்யத்து வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். மரைக்காரைத் திட்டவும் வழியில்லை, மனிசனின் கண் நிலத்தை விட்டு எழும்பவில்லை. இந்தக் கதையில் ஒருத்தனாவது கெட்டவனாக இருந்திருக்கலாம், வயிறெரிய ஏசியாவது ஆறியிருப்பாள். அந்தக் கொடுப்பினையும் இல்லை.

"ஒரு நாள் கஞ்சிக்காவது எடுங்களன் காக்கா."

"ஒரு நாள் செவப்பு, மத்த நாள் வெள்ளையெண்டா சனம் கதைக்கும் புள்ள." அவர் எழும்பினார். "அல்லாஹ் பறக்கத்துச் செய்வான்."

அவர் போன பிறகு முனவ்வறா முயற்சி செய்யாமல் இல்லை. அடுத்த வீட்டுக் கைருன்னிஸாவிடம் ஒரு சுளகு அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஆக்கிப் பாருங்கள், பிடித்தால் எடுங்கள் என்றாள். சுளகு அடுத்த நாள் திரும்பி வந்தது. "அரிசி நல்லமா இரிக்கிகா. என்ட புள்ளைகள்தான் செவப்புச் சோறெண்டா பீங்கானத் தள்ளி வெக்கிதுகள்." குத்தம் சொல்ல முனவ்வறாவுக்கு வாய் வரவில்லை. மகள் நஜ்லாவின் கலியாணத்துக்கு அவளும் பெட்டி பெட்டியாய் பாஸ்மதிதானே இறக்கினாள்! வீட்டுக்கு வீடு ஏறி இறங்கினாள். நம்மட ஊர் அரிசியா, மாஷா அல்லாஹ், நல்ல காரியம், துஆ செய்கிறோம் என்றார்கள். துஆ நிறையக் கிடைத்தது.

நோன்பு பாதி கடந்த ஒரு பின்னேரம் வாசலில் ஓட்டோ வந்து நின்றது. இறங்கினவள் பஸ்மிலா. ஓட்டோவுக்குள் அரிசிப் பைகள் அடுக்கியிருந்தன. அதில் ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி, முந்தானையால் மறைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துப் பார்த்துப் படியேறினாள்.

"ஆரும் பாக்கல்ல, பயப்படாதகா," என்று மூச்சு வாங்கினாள். "இந்தப் போகம் உனக்குச் சரிவரல்லெண்டு எனக்குத் தெரியாதா? நீ வாய் திறந்து கேக்கமாட்டாய். நாந்தான் பள்ளியில உன்ட பேரச் சொன்ன."

ஹோலில் பையை வைக்க இடம் தேடினாள். கதிரை இல்லை, மேசை இல்லை, நிலமும் இல்லை. கடைசியில் நெல்மூட்டை ஒன்றின் மேலேயே வைத்தாள். வைத்த பிறகுதான் எதன் மேல் வைத்தோம் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். முனவ்வறாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள்.

"நோன்போட அழாத," என்றாள் முனவ்வறா. "ஜஸாக்கல்லாஹு ஹைறன்," என்று நன்றியும் சொன்னாள். வேறு என்னத்தைச் சொல்ல? வீடு நிறைய நெல்லை வைத்துக்கொண்டு சதகா அரிசி வாங்கின முதல் வெள்ளாமைக்காரி அவளாகத்தான் இருப்பாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று விட்டுப்போனது அவளுக்குத் தெரிந்தது. கோபம்கூட வரவில்லை.

மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி மீராமுகைதீன் வந்தான். பையைக் கண்டான். காலைக் கழுவிக்கொண்டு பாயில் வந்து இருந்தான். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தால் நோன்பைத் திறந்து, பள்ளியிலிருந்து வந்த கஞ்சியைக் கோப்பையில் ஊற்றிக் குடித்தான். தேங்காய்ப்பாலும் இரம்பை இலையும் மணக்க, வெள்ளை வெளேரென்று இருந்தது.

"கஞ்சி நல்லாத்தான் இரிக்கி புள்ள," என்றான். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. பசித்த மனிசன் உள்ளதைச் சொன்னான். அவளும் குடித்தாள். நல்லாத்தான் இருந்தது.

தொழுதுவிட்டு அவன் வந்து இருந்த நேரம் ஃபோன் அடித்தது. றஸாக். வழமைபோல் மீராமுகைதீன் ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது.

"எடுங்க மச்சான்."

அவன் அவளைப் பார்த்தான். எடுக்கவில்லை.

"எடுத்து ஓமெண்டு சொல்லுங்க. நாந்தானே சொன்ன, நானே சொல்றனெண்டு."

"இன்னொருக்கா யோசி புள்ள."

"யோசிச்சாச்சி."

அவன் கையூன்றி எழும்பி, ஃபோனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான். "ஓம்... ஓம் றஸாக்... நோன்பு முடியட்டும்" என்று அவன் குரல் மாமரத்தடியில் இருந்து கேட்டது. முனவ்வறா கோப்பைகளை எடுத்துக்கொண்டு மூட்டைகளுக்கு இடையால் ஒருக்களித்து நடந்தாள். பஸ்மிலா வைத்த பை அவள் முகத்துக்கு நேரே இருந்தது. அந்தப் பிளாஸ்டிக் பையில் ஒரு படம் அச்சடித்திருந்தார்கள். பச்சைப் பசேலென்ற வயல், வரம்பில் ஒரு கொக்கு, வாய்க்கால் நிறையத் தெளிந்த தண்ணீர். எந்த நாட்டு வயலோ.

கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு, படம் தெரியாமல் பையைத் திருப்பி வைத்தாள். மற்றப் பக்கத்திலும் அதே வயல்தான் இருந்தது.