அணில் கடித்த குழாய்

கியூபெக் மலைச்சரிவில், பெர்னானின் தங்கை ஒடிலின் மேப்பிள் தோப்பில் நீலக் குழாய்கள் மரத்துக்கு மரம் ஓடின. மோட்டார் இழுக்க, மரத்தில் வடியும் சாறு பாகு காய்ச்சும் கொட்டகைக்குத் தானாகவே போய்ச் சேர்ந்தது. அப்பா பிரித்துக் கொடுத்த மறுபாதியில் பெர்னான் இன்னும் பனியில் வாளி சுமந்துகொண்டிருந்தான். அந்த மோட்டார் சத்தம் கேட்டாலே அவனுக்கு வயிறு எரியும்.

ஒரு காலை, எல்லையோரம் 'உஸ்' என்று சத்தம் கேட்டது. அணில் கடித்த குழாய்க்குள் காற்று ஏறிக்கொண்டிருந்தது. இழுவை போனால் ஒடிலுக்கு அன்றைய சாறு பாதிகூடத் தேறாது.

"நல்லா வேணும்" என்று சந்தோஷமாகக் கடந்து போனான். ஆனால் சாறு வீணாவதை அவனால் பொறுக்க முடியவில்லை. வாளிகளை வைத்துவிட்டுத் திரும்பி வந்து, ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நின்றான்.

ஓட்டையைத் தேடி வந்த ஒடில் திகைத்தாள். "எவ்வளவு நேரமாண்ணே இப்படி நிக்கிற? விரல் விறைச்சிருச்சே!"

"இப்பதான் வந்தேன்."

குழாயை வெட்டி இணைத்தபடியே அவள் கேட்டாள்: "உன் மரத்துக்கும் போட்டுரலாமா? என் மோட்டாரே தாங்கும்."

"உன் மோட்டார் எனக்கெதுக்கு?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நடந்தான். நாலடி போனதும், திரும்பிப் பார்க்காமலே கேட்டான்:

"அதைவிடப் பெருசு எங்க கிடைக்கும்?"