அமாவாசைக்கு நின்ற தறிகள்

ஐஸ் பெட்டியைத் தணிகைமணி ஒரு பக்கமும் பெட்டிக்காரன் மறுபக்கமும் பிடித்து வாசற்படி ஏற்றிக்கொண்டிருந்தபோது, பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரு வேன் வந்து நின்றது. மகாபலிபுரம் போவதற்காக அவனே பேசி வைத்திருந்த வேன். ராத்திரி ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சாவு சொன்னவனுக்கு வேன்காரனிடம் சொல்லத் தோன்றவில்லை. டிரைவர் பாலமுருகன் குளித்துத் திருநீறு பூசி, கண்ணாடியில் பூச்சரம் மாட்டி வந்திருந்தான். பெட்டியைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினான்.

"யாருண்ணா?"

"நைனா."

நைனா சாமிநாதன் முந்தின நாள் சாயங்காலம் பவர்லூம் கொட்டகையில் தறிக்குப் பக்கத்திலேயே சரிந்துவிட்டார். தறி ஓடிக்கொண்டே இருந்ததால் வீட்டுக்குள் இருந்த அம்மா மனோரமாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. டீ ஆறுகிறதே, ஆளைக் காணோமே என்று எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

திருத்தணி மலையடிவாரத்தில் இருக்கும் அந்தத் தெருவில் தறிக்கு அமாவாசைதான் லீவு. கைத்தறி இருந்தபோதும் அதுதான், மோட்டார் வந்த பிறகும் அதுதான். தணிகைமணிக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. அங்கே ஞாயிற்றுக்கிழமை லீவு. அமாவாசையன்று நைனா எண்ணெய் தேய்த்துக் குளித்து, மலையேறிச் சாமி கும்பிட்டு வந்து, மத்தியானம் சீட்டாடுவார். மகன் அப்போது கம்பெனியில் நிற்பான். ஞாயிற்றுக்கிழமை மகன் மல்லாந்து படுத்துப் போனைத் தேய்ப்பான். நைனா தறியில் நிற்பார். ஒரு ஞாயிறு நிறுத்தினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை யார் வைத்த லீவு என்பார். ஒரு அமாவாசைக்கு நீ வீட்டில் இரேன் என்று அவர் கேட்டால், அட்டென்டன்ஸ் போனஸ் போய்விடும் என்பான் இவன். மகன் வேலைக்குச் சேர்ந்த பிறகு அப்பனும் மகனும் ஒரு நாளாவது சேர்ந்து எங்கேயும் போனதில்லை. இரண்டு லீவும் சேர்ந்து வருவதே வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான், அதுவும் ஏதாவது விசேஷத்தில் போய்விடும். இந்த மாதம் அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காலண்டரில் அதை முதலில் கண்டுபிடித்தவர் நைனாதான். வேன் பேசச் சொன்னவரும் அவர்தான்.

வேன் பொதட்டூர்பேட்டைக்குப் போய் உறவுக்காரர்களை ஏற்றி வந்தது. பள்ளிப்பட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தறிக்காரர்களுக்கும் லீவு, கம்பெனிக்காரர்களுக்கும் லீவு. தெரு கொள்ளாத கூட்டம். மனுஷன் நல்ல நாளாகப் பார்த்துப் போனார், எல்லாரும் வர முடிந்தது என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். தணிகைமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்தலில் ஒரு பக்கம் சீட்டுக்கட்டு பிரிந்தது. இன்னொரு பக்கம் பையன்கள் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்த்தார்கள்.

கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் ஸ்ரீதர் கூப்பிட்டார். சாவுக்கு மூன்று நாள் லீவு உண்டு, இன்றிலிருந்து கணக்கு என்றார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு எப்படியும் லீவுதானே சார், அதை எப்படிச் சாவில் சேர்ப்பீர்கள் என்று இவன் கேட்டான். ரூல் அப்படித்தான் என்று அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். அந்த வருத்தம்தான் எரிச்சலைக் கூட்டியது.

நைனாவின் சீட்டாட்டக் கூட்டாளியும் தெருவுக்குப் பெரியவருமான கங்காதரன் வந்து, மூன்று மணிக்கு எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

"நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம் மாமா."

"யாராச்சும் வரணுமாபா?"

"யாரும் வரவேணாம். தெருவுல தறி நிக்கணும்."

"நின்னுகினுதானே இருக்கு."

"அது அமாவாசைக்கு நிக்குது மாமா. எங்க நைனாவுக்கு நிக்கல."

சீட்டு போட்டுக்கொண்டிருந்தவர்கள் கை நின்றது. தெருவில் ஒரு சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை யாரும் தறி ஓட்டமாட்டார்கள். எத்தனையோ சாவுகளுக்கு முதல் ஆளாக ஓடிப்போய் சுவிட்சை அணைத்தவர் சாமிநாதன். பேச்சுவார்த்தைகூட இல்லாத பகையாளி செத்தபோதும் அணைத்தார். அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நாளைக்கு லாரி வருகிறது, லுங்கி ஆர்டர் முடியவில்லை, தெருவே அந்த வேலையில் இருக்கிறது என்று ஒருவர் மெல்ல ஆரம்பித்தார். கங்காதரன் அவரைத் தடுக்கவில்லை.

பெட்டியின் பக்கத்திலிருந்து அம்மாதான் சொன்னாள். "ஊரு வேலையைக் கெடுத்துட்டுப் போனாருன்னு அவருக்குப் பேரு வேணாம்டா. இன்னைக்கே எடுங்க."

அவளே அப்படிச் சொன்ன பிறகு அவன் யாரிடம் போய்ச் சண்டை போடுவான்? மொட்டை போட்டுக்கொள்ள எழுந்து போனான்.

மெயின் ரோட்டில் பாடை நின்றுவிட்டது. ஞாயிறும் அமாவாசையும் சேர்ந்ததால் மலைக்குப் போகும் சென்னைக் கார்களும் ஆந்திரா கார்களும் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தன. ஒரு காரின் ஜன்னலிலிருந்து ஒரு பெண் சிப்ஸ் தின்றுகொண்டே பாடையைப் பார்த்தாள். கொள்ளிச்சட்டியின் சூடு கையில் ஏறியது. போலீஸ்காரர் முதலில் கார்களைத்தான் விட்டார்.

மறுநாள் விடிந்ததும் எதிர் வீட்டுத் தறி கிளம்பியது. அதன் பின்னாலேயே பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு என்று தெருவே அதிர ஆரம்பித்தது. தணிகைமணி படுக்கையிலிருந்து எழுந்தான். சட்டை கூடப் போடவில்லை. அம்மா கூப்பிட்டதைக் காதில் வாங்கவில்லை. பெரியவர் என்று ஒருவர் இருந்து என்ன பிரயோசனம் என்று கங்காதரனை நடுத்தெருவில் வைத்துக் கேட்டுவிடுவது என்று போனான். துக்க வீட்டுக்காரன் அடுத்த வீட்டுப் படி ஏறக் கூடாது. ஏறியே தீருவது என்றுதான் போனான்.

கங்காதரன் வீட்டுக் கொட்டகை இருட்டாக இருந்தது. தறிகள் நின்றிருந்தன. உள்ளே அவர் மகன் நாகராஜன் போனில் யாரிடமோ, இன்னிக்கு இல்லண்ணா, அப்பா ஓட்ட வேணாங்கறாரு, நான் இன்னா பண்ணட்டும் என்று கத்திக்கொண்டிருந்தான். கங்காதரன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவனைப் பார்த்ததும் எழுந்து, இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கித் தெருவில் போட்டார். தன்னுடையதையும் கொண்டுவந்து அதன் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"டீ குடிச்சியா?"

இல்லை என்று தலையசைத்துவிட்டு உட்கார்ந்தான். மற்ற வீட்டுத் தறிச் சத்தத்தில் அதற்குமேல் பேசினாலும் கேட்காது. திங்கட்கிழமை காலையில் சும்மா உட்கார்ந்து இருவருக்கும் பழக்கமில்லை. கங்காதரன் கைகளை மடியில் வைத்தார், பிறகு முழங்காலில் வைத்தார். தணிகைமணி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.