தொண்ணூற்றொரு மீட்டர்

“இந்த ரோலை எங்க கண்ணு முன்னாடி அளங்க சார்.”

சொல்லிவிட்டேன். படியேறும்போது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்றே ஒன்றுதான். “கெஞ்சு. வேணும்னா அழு. அளக்க மட்டும் சொல்லாதடி. மொதலாளியவே திருடன்னு சொன்ன மாதிரி ஆயிடும்.” தன்னைத் திருடி என்று சொன்னால் மட்டும் அவளுக்குப் பரவாயில்லை.

அது படுக்கை விரிப்பு தைக்கும் கம்பெனி. அம்மா அங்கே பதினாறு வருடமாகத் துணி வெட்டுகிறாள். ஒரு விரிப்புக்கு இரண்டரை மீட்டர். நூறு மீட்டர் ரோலில் நாற்பது வரவேண்டும். சேதாரம் ஒன்று போனாலும் முப்பத்தொன்பது. இரண்டு வருடமாக அம்மா மேசையில் முப்பத்தாறுக்கு மேல் வந்ததில்லை. மிச்சம் மூன்றுக்கான துணியை அவளே எடுத்துக்கொண்டாள் என்று, அதற்கான காசை ரோலுக்கு ரோல் கூலியில் பிடித்தார்கள். கூட்டிப் பார்த்தால் மாதத்தில் ஐந்து நாள் அவள் சும்மா வேலை செய்திருக்கிறாள். அதோடும் விடவில்லை. திங்கட்கிழமையிலிருந்து மேசை கிடையாது, தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்டு, அரைக் கூலி என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். மற்ற மூன்று மேசைக்காரிகளும் சாப்பிடும்போது அம்மா பையைச் சற்று தள்ளி வைக்கச் சொல்கிறார்களாம்.

அம்மா யாரையும் குற்றம் சொல்லவில்லை. விரிக்கும்போது கை தளர்ந்து துணி தொய்ந்துவிடுகிறது என்று தன் கையையே திட்டிக்கொண்டாள். வீட்டில் பழைய புடவையைத் தரையில் விரித்து இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஒரு வருடமாக வேலை தேடி அலுத்துப்போன பட்டதாரி நான், சுவரில் சாய்ந்தபடி அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி சிரித்தார். “ஏக்கா, காலேஜ் அனுப்பினது துணி அளக்கவா?”

“சின்னப் பொண்ணு, தெரியாம பேசிட்டா...”

“தெரிஞ்சுதான் பேசறேன். டீ நேரம்தானே, யாரும் இல்ல. கால் மணி நேரம் ஆகும்.”

யாரும் இல்லை என்பதுதான் அவரைச் சம்மதிக்க வைத்திருக்க வேண்டும். “சரி, அளந்துக்கோ. அப்புறம் உங்கம்மா வேற, நீ வேறன்னு பாக்க மாட்டேன்” என்றார்.

வெட்டும் மேசை பத்து மீட்டர் நீளம். இரும்பு டேப்பை வைத்து முதலில் மேசையையே அளந்தேன். பிறகு புது ரோலை உருட்டினோம். ஒரு முனையில் அம்மா, மறுமுனையில் நான். ஒன்று, இரண்டு, மூன்று. அம்மாவின் கை எங்கேயும் தொய்யவில்லை. ஒன்பது மடிப்பு முழுதாக விழுந்தது. பத்தாவது மடிப்பு ஒன்றரை மீட்டரைக்கூடத் தொடவில்லை. உள்ளே அட்டைக்குழாய்தான் மிஞ்சியது.

முதலாளி குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். மீதித் துணி அதற்குள் ஒளிந்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

குழாயின் ஓரத்தில் மில் சீட்டு ஒட்டியிருந்தது. நூறு என்று எழுதி, பக்கத்தில் கெஜத்துக்கான எழுத்து. மீட்டருக்கான எழுத்து இல்லை.

“நூறு கெஜம் சார். மீட்டர்ல தொண்ணூத்தொண்ணு புள்ளி நாலு நாலு. இதுல முப்பத்தாறுதான் வரும். மந்திரவாதி வந்து வெட்டினாலும் முப்பத்தாறுதான். எப்ப மில் மாத்தினீங்க?”

“ரெண்டு வருஷமாச்சு. பழைய மில்ல ரோல் ஐயாயிரம். இவன் நாலாயிரத்து எழுநூறு. மீட்டர் அம்பதுலேர்ந்து நாப்பத்தேழுக்கு வந்துச்சேன்னு...”

“வரல. நாலாயிரத்து எழுநூறைத் தொண்ணூத்தொண்ணு சொச்சத்தால வகுங்க. அம்பத்தொண்ணு நாப்பது. கம்மின்னு நெனச்சு கூடக் குடுத்து வாங்கியிருக்கீங்க.”

அவர் தன் கைபேசியில் போட்டுப் பார்த்தார். இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்தார்.

“அப்ப மத்தவங்களுக்கு எப்படி முப்பத்தொம்பது வருது?”

பக்கத்து மேசையில் அடுக்கியிருந்த விரிப்பு ஒன்றை எடுத்து அளந்தேன். இரண்டு மீட்டர் முப்பத்துநாலு. ஒவ்வொன்றிலும் முக்கால் சாண் குறைத்திருந்தார்கள். மடித்துப் பைக்குள் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்! முழுசாக வெட்டியவள் ஒருத்திதான், அவள்தான் திருடி.

அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. முகத்தைப் பார்த்தேன், தெரிந்திருந்தது.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். நிம்மதிதான் வந்தது. “நல்லதாப் போச்சுக்கா. உங்க மேல தப்பில்ல. மேசை உங்களுக்குத்தான், இனிமே பிடிப்பும் கிடையாது. நீங்களும் அவங்க மாதிரியே ரெண்டு முப்பத்துநாலு வெட்டிருங்க. பை மேல போட்டிருக்கிற ரெண்டரைங்கிற அளவு அப்படியே இருக்கட்டும்.” என் பக்கம் திரும்பினார். “உனக்குக் கணக்கு வருது. ஆபீஸ்ல உக்காந்து அடக்க விலை போட்டுத் தர்றியாம்மா? சும்மா ஒண்ணும் இல்ல, சம்பளம் தர்றேன்.”

“பிடிச்ச காசு?”

“போனது போகட்டும். அதைக் கெளறினா மத்ததும் வரும்.”

“அப்ப ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. கீழ வந்து எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, அம்மா துணி எடுக்கலன்னு.”

“அவ்ளோ பெருசா எதுக்கும்மா? ரோல் கணக்கு வெளிய போனா, விரிப்பு அளவு கம்மின்னு வாங்கறவங்க பிடிச்சுக்குவாங்க. மெதுவா அதுவா சரியாயிடும்.”

அம்மா மேசை ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். “மேசையும் கெடச்சுது. உனக்கும் வேலை கெடச்சுது. போதும்டி, எனக்குக் காலெல்லாம் வலிக்குது.”

அவள் கெட்டவள் இல்லை. களைத்துப்போனவள். எனக்கும் களைப்புதான். இந்த வேலைக்குச் சரி என்று தலையாட்டினால் இன்று நன்றாகத் தூங்கலாம். ஆனால் திங்கட்கிழமை அவள் இரண்டு முப்பத்துநாலில் கத்தரி வைப்பாள். அப்போது அவர்கள் திருடி என்று சொல்வது உண்மையாகிவிடும்.

டேப்பைச் சுருட்டி மேசையில் வைத்தேன்.

“எங்கடி போற?”

“கீழ. மூணு பேரும் டீ குடிச்சிட்டுதான் இருப்பாங்க. உன் கை சரின்னு சொல்லப் போறேன். அவங்க அளவும் எனக்குத் தெரியும்னு சொல்லப் போறேன்.”

“உன் வேலை போயிரும்மா,” என்றார் முதலாளி, இன்னும் கொடுக்காத வேலையைச் சொல்லி.

“வேணாம்டி. ஏய், நில்லு.”

நிற்கவில்லை. படியில் இறங்கினேன்.