பீரோ ஏறிய கதை

இன்னும் அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேன்களையும் ஆட்களையும் பூச்சியிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்தாயிற்று, ஆனாலும் பழகின வாய் மாறவில்லை. இன்று அவர் வெறும் வாடிக்கையாளர். ஆயுசு முழுக்க ஊரார் வீட்டைக் காலி செய்து கொடுத்தவரின் வீட்டைக் காலி செய்ய, அவருடைய பழைய கம்பெனியே வந்திருக்கிறது.

பூச்சி என்பது அவர் வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவான். வாயில்லாப் பூச்சி என்று ஒருநாள் சொன்னார், மற்றவர்கள் அதைச் சுருக்கிக்கொண்டார்கள். ஆட்களும் சும்மா இருக்கவில்லை, அவருக்கு ஸ்பீக்கர் என்று வைத்தார்கள். அது காதுக்கு வந்தபோது கோபப்படாமல் உள்ளுக்குள் பெருமைதான் பட்டார். மாடியில் நின்று பேசினால் தெருவில் வேனில் இருக்கிறவனுக்குக் கேட்க வேண்டாமா? கேட்டது.

மற்ற சாமான்கள் மாடியிலிருந்து மளமளவென்று இறங்கிவிட்டன. பாக்கி இருந்தது பீரோ. அவர் மனைவியின் மர பீரோ, கழற்றிப் பூட்டுகிற இந்தக் காலத்துச் சாமான் இல்லை, ஒரே கூடு. இனி அவர் இருக்கப்போவது மகள் வீட்டில். அவள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: இறங்கினால் கொண்டுவாருங்கள், இறங்காவிட்டால் தச்சரைக் கூப்பிட்டு அறுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். சாயங்காலம் சாவி வாங்க ஆள் வருகிறது. மனைவி இறந்தபின் அவளுடையது என்று அங்கே மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். கதவைத் திறந்தால் இன்னும் அவள் துணி வாசனை வரும். அதை அறுக்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டு மகள் வீட்டில் போய்ச் சோறு தின்ன அவரால் முடியாது.

படிக்கட்டு திரும்புகிற இடம்தான் சிக்கல். ஏற்றியபோது எப்படித் திருப்பினீர்கள் என்று புதிய ஆள் ஒருவன் கேட்டான். முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த நாளை மறப்பாரா? மேல்படியில் நின்று அவர் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறந்தன. பீரோ பூ மாதிரி ஏறியது. அந்தப் பெருமையைச் சாப்பிடும்போது திரும்பத் திரும்பச் சொன்னார், உங்கள் தொண்டை இல்லாவிட்டால் ஏறியிருக்குமா என்று மனைவியும் சொன்னாள்.

"சுவர்ப் பக்கம்ப்பா. அடியைச் சுவரோட ஒட்டிச் சாய்ச்சா தானா திரும்பிடும்" என்றார்.

பூச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பழக்க தோஷம், விழுங்கிவிட்டுச் சுவர்ப் பக்கமே சாய்க்கச் சொன்னான்.

வசமாக மாட்டிக்கொண்டது. முக்கித் தள்ளியதில் சுவர்ப் பூச்சு உதிர்ந்தது, பின்பலகை நெறுநெறுத்தது. பூச்சி எல்லாரையும் நிறுத்தி, யாருக்கு எங்கே இடிக்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தான். கீழே தாங்குகிறவன் ஒன்று சொன்னான், மேலே பிடித்திருந்தவன் வேறொன்று சொன்னான். முதலாளிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. படிக்கட்டில் என்ன பஞ்சாயத்து, நம் காலத்தில் ஒருத்தன் சொன்னால் மற்றவன் செய்வான் என்று சொல்லியும் விட்டார்.

பூச்சி பீரோவுக்கு முட்டுக்கொடுக்கச் சொன்னான். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அன்னைக்குச் சுவர்ப் பக்கம் திருப்பல முதலாளி. படிக்கட்டுக் கைப்பிடிக்கு மேல தூக்கித்தான் திருப்பினோம்."

"சுவர்ப் பக்கம்னுதானேடா கத்தினேன்?"

"நீங்க கத்தினீங்க. அக்கா உங்களுக்குப் பின்னால நின்னு கையைக் காட்டினாங்க. நாங்க அவங்களப் பார்த்துத்தான் தூக்கினோம்."

ஆட்கள் அக்கா என்பது அவர் மனைவியை. ஏன் அன்றே சொல்லவில்லை என்று முதலாளி கேட்டார். சொல்லியிருந்தால் வேலையில் வைத்திருப்பீர்களா என்று பூச்சி கேட்டான், குத்தலாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்வதுபோல. மீதியும் மெல்ல வந்தது. லீவு வேண்டுமென்றால் அக்காவிடம்தான் போவார்களாம். வேனில் பிரேக் சரியில்லை என்பதும் அக்காவிடம்தான். அவள் அதைச் சாப்பாட்டு வேளையில், தனக்கே தோன்றியதுபோல, அவர் காதில் போட்டுவிடுவாள்.

அவருக்கு ஞாபகம் வந்தது. மனசு ஏதோ சரியில்லை, வேனை மெக்கானிக்கிடம் காட்டுங்களேன் என்பாள். உனக்கென்னடி தெரியும் வேனைப் பற்றி என்பார், ஆனால் காலையில் கொண்டுபோய்க் காட்டிவிடுவார். பொண்டாட்டி வாக்கு பலிக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அவள் இறந்த வருஷமே தொழில் சறுக்கியது. ஒரு வேன் போய் மோதியது, நல்ல ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றார்கள். வீட்டு ராசி அவளோடு போய்விட்டது என்றுதான் கம்பெனியைக் கைமாற்றினார். ராசியாவது மண்ணாவது. அவருக்குச் சேதி வருவது நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான்.

கைப்பிடிக்கு மேலே தூக்கினார்கள். பீரோ நோகாமல் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கி, வேனில் ஏறியது. ஆட்கள் கயிற்றைக் கட்டிவிட்டுக் கிளம்பலாமா என்று பார்த்தார்கள். முதலாளி வேனின் பின்பலகையில் உட்கார்ந்துகொண்டு பூச்சியையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"என்னைப் பத்தி அவ என்ன சொல்லுவா?"

பூச்சி தயங்கினான். சும்மா சொல்லு என்றார்.

"நல்ல மனுஷன்தான், நாலு தடவை சொன்னா ஒரு தடவை கேப்பாரு, அந்த நாலு தடவையையும் நான் சொல்லிக்கிறேன், நீங்க போய் வேலையைப் பாருங்கம்பாங்க."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தார், அழுகை வந்துவிட்டது. தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பூச்சி பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"இன்னும் சொல்லுப்பா" என்றார். "வேற என்னெல்லாம் சொன்னா?"